ஜமீன் மகளின் கூடைத் தடம்

காதல் கதைப் புத்தகம் படித்ததற்காக யாராவது வெட்கப்படுகிறேன் என்றால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். கதவைச் சாத்திக்கொண்டு, தனியாக உட்கார்ந்து, மனசுக்குள்ளே படிக்கிறவளுக்கு என்ன வெட்கம் வேண்டிக் கிடக்கிறது? நான் படித்தது ஒரு தோட்டத்து லயமே, அந்த வரிசை வீடுகள் அத்தனையும் கேட்கும்படி, உரக்க, ராகம் போட்டு. நான் படித்த ஒவ்வொரு வரிக்கும் என் வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்துகொண்டு ஊருக்கே பொருள் சொன்னார். அதில் நான் பட்ட வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. கட்டினவரை விட்டுவிட்டுப் பதுளைக்கு, அப்பா வீட்டுக்கே போய்விடுவது என்று துணிகளைக்கூட மூட்டை கட்டி வைத்துவிட்டேன்.

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிடும் காலம் அது. அதற்கப்புறம் பதுளைக்கு மாட்டு வண்டி, இல்லாவிட்டால் நடை. என் அப்பா பதுளையில் ஒரு பாதிரியார் வீட்டுக் குசினியில் சமையல் வேலை பார்த்தார். அந்தப் புண்ணியத்தில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு பெரகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். எழுத்துப் படித்தவளுக்குக் கை வளையாது, கொழுந்து பறிக்க லாயக்கில்லை என்று வந்த புதிதில் என் காதுபடவே பேசினார்கள். ரோஷத்தில் எல்லோரையும்விடக் கூடையை நிறைத்துக் காட்டினேன். அதன் பிறகு எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதையே எல்லோரும் மறந்துபோனார்கள், நானும்தான்.

என் வீட்டுக்காரருக்குக் கவ்வாத்து வேலை. முற்றிய தேயிலைச் செடிகளைக் கத்தியால் வெட்டி மட்டம் செய்வது. ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் அவருக்குத் தோட்டத்தில் இருந்த மரியாதை கங்காணிக்குக்கூடக் கிடையாது, ஏனென்றால் அவர் பொருள் சொல்கிறவர். ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வேலை சீக்கிரம் விட்டுவிடும். பொழுது சாய்ந்ததும் லயத்து முன்திண்ணையான இஸ்தோப்பில் எல்லோரும் சாக்கை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். எழுத்துத் தெரிந்த பெரியவர் ஒருவர் புராணப் பாட்டை இழுத்துப் படிப்பார். படித்து நிறுத்தியதும் இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதாவது என்னன்னா" என்று ஆரம்பிப்பார். புத்தகத் தமிழ் யாருக்குப் புரிகிறது? ஜனம் காத்திருப்பதெல்லாம் அந்த 'அதாவது என்னன்னா'வுக்குத்தான்.

அவர் பொருள் சொல்லும் விதமே தனி. எல்லாவற்றையும் தோட்டத்துக்குள் கொண்டுவந்துவிடுவார். ராஜா அரண்மனையை விட்டுக் கிளம்பினார் என்றால் பெரிய துரை பங்களாவிலிருந்து குதிரையில் இறங்கி வருவார். முனிவர் சாபம் கொடுத்தால் கணக்கப்பிள்ளை செக்ரோல் கூலிப் பதிவில் பேரை வெட்டிவிட்ட மாதிரி. தேவலோகத்துப் பூந்தோட்டம் என்றால் அது ஏழாம் நம்பர் மலை, அட்டைக்கடி மட்டும் இல்லாமல். தனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் தெரியாததைச் சொல்ல முடியும் என்பது அவர் கட்சி. எழுத்துத் தெரியாதே தவிர அந்த உயர்ந்த தமிழ்ச் சொற்களையெல்லாம் பெரியவரிடம் கேட்டுக் கேட்டுக் காதாலேயே படித்திருந்தார்.

வெளியே இத்தனை வாய் பேசுகிற மனிதர் எங்கள் ஒற்றை அறையான காம்பராவுக்குள் வந்தால் ஊமை. "சோறு இருக்கா?" "கத்தி எங்க?" "வெளக்க அமத்து." கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் என்னிடம் அவர் பேசியதையெல்லாம் ஒரு தாளில் எழுதினால் பக்கத்தில் கோலம் போடவும் இடம் இருக்கும். நான் அதைக் குறையாக யாரிடமும் சொன்னதில்லை. ஆம்பிளைகள் எல்லோருமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் பெரியவர் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கே போய்விட்டார், இனித் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டு. வாசிக்க ஆளில்லாமல் இஸ்தோப்பு வெறிச்சோடிப் போனது. என் வீட்டுக்காரரைப் பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்துக் காம்பரா அக்காதான் முதலில் என் பேரை எடுத்தாள். "ஏன், இந்தப் புள்ளைக்கு வாசிக்கத் தெரியுமே!" பொம்பளை உட்கார்ந்து படிக்கிறதா என்று கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. கடைசியில் நான் வெளியே வரவேண்டாம், காம்பராவுக்குள் கதவோரமாக விளக்கை வைத்துக்கொண்டு படிக்கட்டும், அவர் வாசலில் உட்கார்ந்து பொருள் சொல்லட்டும் என்று முடிவாயிற்று.

ஆனால் பாட்டு எனக்கு வரவில்லை. எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது என்று தெரியாமல் திணறினேன். வசனம் என்றால் படித்துவிடுவேன். ஆகவே அப்பாவைப் பார்க்கப் பதுளைக்குப் போனபோது பசாரில் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடைக்குப் போனேன். சீத்தைத் துணி, கண்ணாடி, பஞ்சாங்கம் எல்லாம் விற்கிற கடை. கதைப் புத்தகங்களைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார். அண்ணன் என்கிற முறையில் எல்லோரும் அவரை நானா என்பார்கள்.

"நானா, வசனத்துல கதைப் பொஸ்தகம் ஏதாச்சும் இருக்குங்களா?"

"யாருக்கும்மா? ஆம்பளைக்கா, பொம்பளைக்கா?"

"லயத்துக்குங்க."

அவர் சிரித்துவிட்டார். அப்புறம் உள்ளே போய் இரண்டு புத்தகங்களை எடுத்துவந்து பலகைமேல் வைத்தார். ஒன்றின் அட்டையில் ஒரு பெண் கிளியோடு நின்றாள். மற்றதில் அதே மாதிரி ஒரு பெண், கிளி இல்லாமல், சாய்ந்து படுத்திருந்தாள்.

"தங்கச்சி, மொதல்ல இந்தக் கிளிப் பொஸ்தகத்தப் படிங்க. லயம் தாங்குதான்னு பாருங்க. தாங்குச்சுன்னா மத்தத எடுங்க. அது கொஞ்சம் காரம் கூட. ஆனா வாங்கினவங்க யாரும் நல்லால்லன்னு திருப்பிக் கொண்டாந்ததில்ல."

இரண்டாவதை நடுவில் பிரித்து நாலு வரி பார்த்தேன். காது சுட்டது. கடையில் வேறு யாரும் இல்லை, ஆனாலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். வைத்துவிட்டு வந்திருக்கலாம். "ரெண்டையும் கட்டிக் குடுங்க" என்றேன்.

பண்டாரவளையிலிருந்து, தோட்டத்துக்கு இறங்குகிற அப்புத்தளைக்கு ரயிலில் வரும்போது முந்தானைக்குள் மறைத்துவைத்துப் படித்தேன். மலையிடுக்கில் பனி அடைத்துக்கொண்டு எதிரே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாதபோதெல்லாம் புத்தகத்தை வெளியே எடுப்பேன், வெளிச்சம் வந்தால் மூடிக்கொள்வேன். அந்த எழுத்தாளருக்கு ஒரு பெண்ணைப் பெண் என்று சொல்லவே வாய் வராது. மங்கை, மடந்தை, வனிதை, வஞ்சி என்றுதான் வரும். இவ்வளவு பெரிய பெரிய சொல்லாக இருக்கிறது, யாருக்குப் புரியப் போகிறது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். என் வீட்டுக்காரரும் 'ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தாங்க' என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார் என்று நினைத்தேன்.

கிளிப் புத்தகம் லயத்தில் சக்கைப்போடு போட்டது. ஒரு குறைதான். கதாநாயகி அத்தியாயத்துக்கு ஒரு தரம் மூர்ச்சை போட்டு விழுவாள். காதலனைக் கண்டால் மூர்ச்சை, காணாவிட்டால் மூர்ச்சை. "நம்ம இப்பிடி மலையில வுழுந்தா அன்னைக்கு அரைப்பேர் போட்டுப் பாதிக் கூலிதான்" என்று அக்கா சொன்னதற்கு ஒரு வாரம் சிரித்தார்கள். ஆனால் காதலர்கள் தோட்டத்தில் சந்திக்கிற இடம் வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. சாரல் அடித்துச் சாக்கெல்லாம் நனைந்தும் ஒருவரும் எழுந்து போகவில்லை.

மறுநாள் கொழுந்து மலையில் பக்கத்து நிரையிலிருந்து அக்கா நகர்ந்து வந்தாள். "அந்தத் தோட்டத்துல சந்திச்ச எடத்த மட்டும் எங்க காம்பராவுல வந்து ஒரு தரம் படி புள்ள. எங்க வீட்டு ஆளு சரியாக் கேக்கல." போய்ப் படித்தேன். அப்புறம் ஒவ்வொருத்தியாக வர ஆரம்பித்தார்கள். புருஷனோடு பேச்சு வார்த்தை இல்லாதவளுக்கு ஊடல் அத்தியாயம், புதிதாகக் கட்டிக்கொண்டு வந்தவளுக்குத் தோட்டத்து அத்தியாயம், மாமியாரோடு ஒரே காம்பராவில் படுக்கிறவளுக்கு ஓடிப்போகிற அத்தியாயம் என்று மருந்து கொடுக்கிற மாதிரி பொறுக்கிக் கொடுத்தேன். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போயிற்று. இந்த மாதிரி விஷயமெல்லாம் தெரிந்தவள் போல முகத்தை வைத்துக்கொண்டேன். கிளிப் புத்தகம் முடிந்ததும் யாரும் கேட்காமலே இரண்டாவதை எடுத்தேன்.

அதில் ஒரு ஜமீன்தார் மகள். அவளுக்கும் ஒரு குமாரனுக்கும் களவாகக் கல்யாணம் நடந்துவிடுகிறது. அதற்கடுத்த அத்தியாயம்தான் கடையில் நான் பிரித்துப் பார்த்தது. அன்று இஸ்தோப்பில் நல்ல கூட்டம். ஆம்பிளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம். நான் உள்ளே கதவோரம். அவர் முதுகு மட்டும் எனக்குத் தெரியும். நான் படித்தேன்:

"அத்தருணம் மேலாடை நெகிழ, நித்திரையில் ஆழ்ந்திருந்த அம்மங்கையின் முதுகுப்புறமானது பூரணச் சந்திரனையும் நாணச் செய்யும் காந்தியோடு பிரகாசிக்க, அதனைக் கண்ணுற்ற குமாரன் மதிமயங்கிப் பரவசனாயினான்."

நிறுத்தினேன். அவர் வழக்கம்போலச் செருமினார்.

"அதாவது என்னன்னா, அந்தப் பொண்ணு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துத் தூங்குது. சேலை கொஞ்சம் வெலகியிருக்கு. வெளக்கு வெளிச்சம் முதுகுல வுழுகுது. சந்திரன் மாதிரின்னு எழுதியிருக்கான். சந்திரனெல்லாம் இல்லீங்க. எழுதுனவனுக்குப் பாக்கத் தெரியல. வலது தோளுக்குக் கீழ ஒரு மச்சம் இருக்கும், தேயிலக் கொட்டை அளவு. அதுக்குக் கீழ, இடுப்புக்கு மேல, கூடை ஒரசி ஒரசிக் காய்ச்சுப்போன தடம். அந்த எடத்துல மட்டும் தோலு சொரசொரன்னு இருக்கும். அதப் பாத்தா இவனுக்கு மனசு என்னமோ பண்ணும். மொள்ளமா நெத்தியத் தடவிக் குடுப்பான். அவ முழிக்க மாட்டா. பகல் பூரா மலையில நின்ன ஒடம்பில்லையா, அசந்து தூங்குவா."

என்றைக்கும் இல்லாத மாதிரி அன்று அவர் குரல் தணிந்து இருந்தது. கூட்டமும் மூச்சுக் காட்டாமல் கேட்டது. அப்போது ஆம்பிளைகள் பக்கத்திலிருந்து ஒருத்தன் வெள்ளந்தியாகக் கேட்டான்.

"ஜமீன்தார் மகளுக்குக் கூடைத் தடம் எப்பிடிங்க வந்துச்சு?"

பொம்பளைகள் பக்கத்திலிருந்து அக்கா 'க்ளுக்' என்று சிரித்தாள். அவ்வளவுதான். நாங்கள் எல்லோரும் ஒரே பீலியடியில் குளிக்கிறவர்கள். மலைத் தண்ணீர் குழாயாகக் கொட்டுகிற அந்த இடத்தில் ஒருத்திக்கு ஒருத்தி முதுகு தேய்த்துவிடுவோம். யார் முதுகில் எங்கே மச்சம் என்று தெரியாதவள் அங்கே ஒருத்தியும் இல்லை. சிரிப்பு ஒருத்தியிடமிருந்து ஒருத்திக்குத் தாவி, அவர்கள் புருஷன்மார் காதுக்குப் போய், இஸ்தோப்பே குலுங்கியது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விளக்கை ஊதி அணைத்துவிட்டுக் கூரைவழியே ஓடிவிடலாமா என்றிருந்தது. அவர் சேலையை விலக்கியது ஏதோ ஜமீன்தார் மகளுக்கல்ல, எனக்கு. அதுவும் அத்தனை ஆம்பிளைகள் நடுவில். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்கழுத்து மட்டும் சிவந்திருந்தது. "கதைன்னா அப்பிடித்தான். நீ படி புள்ள" என்றார். நான் என்ன படித்தேனோ, எந்த வரியில் முடித்தேனோ, தெரியாது.

விடிந்து பெரட்டுக்குப் போய் நின்றோம். கங்காணி பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர் என் முறை வந்ததும் நிறுத்தி, "ஜமீன் மக வந்தாச்சா?" என்றார். அத்தனை பேரும் சிரித்தார்கள். சின்னப் பிள்ளைகள்கூட. ஆமாங்க என்று சொல்ல வாய் வராமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். மலைக்கு ஏறும்போது எனக்குப் பின்னால் வருகிறவர்கள் எல்லாம் என் முதுகைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றி, கூடையை இறக்கவே இல்லை. பீலியடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். தண்ணீரைச் சுமந்துவந்து காம்பராவுக்குள்ளேயே குளித்தேன்.

இதில் இன்னொரு கேவலமும் உண்டு. இதுவரை யாரிடமும் சொல்லாதது. அவர் அந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த ஆள் குறுக்கே கேள்வி கேட்பதற்கு முன்னால், எனக்குள் ஏதோ ஒன்று 'இதையெல்லாமா பார்த்து வைத்திருக்கிறார்' என்று குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம் சொல்ல மாட்டாரா என்றுகூட நினைத்தேன். ஊர் சிரித்தது ஒரு பங்கு என்றால் இதை நினைத்து நான் கூசியது மூன்று பங்கு.

பெரட்டில் கேலி செய்த அன்று சாயங்காலம் வேலை விட்டு வந்தவர் அடுப்பைப் பார்த்தார்.

"என்ன புள்ள, உலை வைக்கலையா?"

"ஜமீன் மக உலை வைப்பாளா?"

"கதையத்தான சொன்னேன்."

"கதையில எங்கங்க கூடைத் தடம் இருந்துச்சு? நான்தான வாசிச்சேன்? எனக்குத் தெரியாதா?"

அவர் வாசற்படியில் உட்கார்ந்து காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கப் பார்த்தார். அட்டையென்றால் அவருக்குப் பயம். கண்ணை மூடிக்கொண்டுதான் பிடுங்குவார். பிடுங்கி எறிந்துவிட்டுச் சொன்னார்.

"பொருள் சொல்றப்ப தெரிஞ்சதத்தான சொல்லணும். பொம்பளைன்னா எனக்கு வேற யாரத் தெரியும்?"

இன்று எழுதும்போது இந்த ஒரு வார்த்தைக்கே நெஞ்சு இளகுகிறது. அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. செய்வதையும் செய்துவிட்டு நியாயமும் பேசுகிறாரே என்று இருந்தது.

"ரெண்டு வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருப்பீங்களா? அம்புட்டுப் பேர் நடுவுல பேசத் தெரிஞ்ச வாய் இந்தக் காம்பராவுக்குள்ள வந்தா எங்க போவுது? நீங்க ஊருக்கே புருஷனா இருங்க. ஞாயித்துக்கெழம நான் பதுளைக்குப் போறேன். கூட்டிக்கிட்டு வர ஆளு அனுப்ப வேணாம்."

அவர் கத்தியை எடுத்துக்கொண்டு போய்ச் சாணைக் கல்லில் தீட்ட ஆரம்பித்தார். அதற்குத் தீட்டத் தேவையே இருக்கவில்லை. நான் துணிகளை எடுத்து மூட்டை கட்டினேன். விளையாட்டுக்குக் கட்டவில்லை. அப்பா வீட்டில் போய் என்ன சொல்வது, பாதிரியாரம்மா கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே கட்டினேன். இதற்காகவா போனாள் என்று நாலு பேர் கேட்டால் அதைச் சொல்லவும் என் வாயில் வராது. சொல்லாவிட்டால் என்மேல்தான் ஏதோ தப்பு என்று பேசுவார்கள். எப்படிப் பார்த்தாலும் எனக்கு அவமானம்தான்.

சனிக்கிழமை அக்கா வந்து மூட்டையைப் பார்த்துவிட்டாள். முகம் வாடிப்போனாள்.

"நான் சிரிச்சது தப்புத்தான். ஆனா கதைய அரைகுறையா வுட்டுட்டுப் போவாத புள்ள. லயத்துல ஆரம்பிச்ச படிப்ப முடிக்காம வுட்டா நல்லதில்லன்னு சொல்லுவாங்க. இன்னைக்கு ஒரு பொழுது படிச்சு முடிச்சுட்டுப் போயேன்."

மாட்டேன் என்றுதான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. அவருக்கு எழுத்துத் தெரியாது. நான் எதைப் படித்தாலும் அதுதான் புத்தகம். அந்த எழுத்தாளரின் நடை எனக்கு இப்போது தண்ணீர் பட்ட பாடு. இரண்டு புத்தகம் முழுக்க உரக்கப் படித்தவளுக்கு அந்தத் தினுசில் நாலு வரி கட்ட வராதா? என் முதுகை ஊருக்குக் காட்டினவரை அவர் வாயாலேயே காட்டிக் கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். "சரி, படிக்கிறேன்" என்றேன்.

அன்றைக்கு மேல் லயத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். கதைக்கு அல்ல, ஜமீன் மகளைக் கேட்க. எனக்குத் தெரியாதா? கங்காணிகூட ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் கதவோரம் விளக்கை வைத்து, புத்தகத்தில் உள்ளதைக் கொஞ்ச நேரம் ஒழுங்காகப் படித்தேன். ஜமீன்தாருக்கு விஷயம் தெரிந்து மகளைச் சிறை வைக்கிறார், குமாரன் வேஷம் மாறி வருகிறான். அவரும் யாரையும் சிரிக்க வைக்காமல், பயந்த மாதிரி, சுருக்கமாகப் பொருள் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு பக்கத்தைத் திருப்பினேன். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே என் சரக்கை எடுத்துவிட்டேன்.

"அக்குமாரனோ அட்சரமறியாதவனாதலின், கரத்திலேந்திய கிரந்தத்தைத் தலைகீழாய்ப் பிடித்து நோக்கி நின்றான்."

"அதாவது என்னன்னா, அவனுக்கு எழுத்துத் தெரியாது. பொஸ்தகத்தத் தலகீழாப் புடிச்சுக்கிட்டு..." கூட்டம் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். பாவம்.

"ரத்தத்தை உண்ணும் அற்பப் பிராணியாகிய அட்டையைக் காணுந்தோறும் அவ்வீரன் நேத்திரங்களை இறுக மூடி நடுங்குவான்."

"அதாவது, அட்டையப் பாத்தா..." இங்கே அவர் குரல் தடுக்கியது. "அட்டையப் பாத்தா அவனுக்குக் கொஞ்சம் பயம்." ஆம்பிளைகள் பக்கத்தில் யாரோ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். எல்லோர் தலையும் அவர் பக்கம் திரும்பியதைக் கதவிடுக்கில் பார்த்தேன்.

"ஆயுதத்தால் ஊறுபட்டு அவனது இடக்கை மோதிர விரல் வளைந்திருந்தது."

கவ்வாத்துக் கத்தி பட்டு வளைந்த விரல். அவர் அந்தக் கையை மெல்ல வேட்டிக்குள் இழுத்துக்கொண்டார். "வெரலு வளைஞ்சிருக்கும்" என்றார், அவ்வளவுதான். கூட்டம் கூச்சல் போட்டது. "குமாரன் நம்ம லயத்து ஆளுதான்டோய்!" என்று ஒருத்தன் கத்தினான். நான் நினைத்தபடியே எல்லாம் நடந்துவிட்டது. அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் கணக்குத் தீர்ந்தது என்று காலையில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

வாய் நிற்கவில்லை. அந்த நடையில் ஒரு வரி முடிந்தால் அடுத்த வரி தானாக இழுக்கும். அந்த வளைந்த விரலைச் சொன்ன பிறகு அது எங்கே படும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ராகம் மாறாமல், புத்தகத்தைப் பார்த்தபடியே படித்தேன்:

"அவ்விரலால் அவன் அவள்தன் நுதலை வருடுங்கால், அவள் துயில்பவள்போற் பாசாங்கு செய்து, விழித்தால் அது நின்றுவிடுமோவென அஞ்சி, மூச்சையும் அடக்கிக்கொண்டு கிடப்பாள்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ஊரைப் பற்றிய பயமில்லை, ஊருக்கு அது வெறும் சத்தம். வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற ஒருவருக்குத்தான் அது விளங்கும். நுதல் என்றால் நெற்றி என்று, என்னை விட்டால், இந்தத் தோட்டத்தில் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

செருமல் வரவில்லை. 'அதாவது என்னன்னா' வரவில்லை. மழை மட்டும் கூரைத் தகரத்தில் பெய்துகொண்டிருந்தது. கூட்டம் பொறுத்துப் பார்த்தது. பிறகு கங்காணி கேட்டார்.

"என்னப்பா, பொருளச் சொல்லு."

"இதுக்குப் பொருள் இல்லீங்க."

"என்னது, இல்லையா? அந்தப் புள்ள இம்புட்டு நீளமா இழுத்துச்சே?"

"இல்லீங்க. இது அவங்க ரெண்டு பேருக்குள்ள. கதை முடிஞ்சுது. எல்லாரும் எழுந்து போங்க."

அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. முனகிக்கொண்டே எழுந்தார்கள். அக்கா மட்டும் போகிறபோது கதவிடுக்கில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சாக்கைச் சுருட்டிக்கொண்டு போனாள். மிச்சம் இருந்த அத்தியாயத்தை அந்த லயத்தில் யாரும் பிறகு கேட்கவில்லை.

அவர் உள்ளே வந்து கதவைச் சாத்தினார். மூட்டை அங்கேதான் இருந்தது. அதைப் பார்க்கவில்லை. நான் புத்தகத்தைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன். பெரட்டில் அத்தனை பேர் சிரித்தபோது வந்த வெட்கம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. அவர் எதிரே வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பொருள் சொல்கிற குரலில் இல்லாமல், எனக்கு மட்டும் கேட்கும்படி கேட்டார்.

"அப்ப... முழிச்சுக்கிட்டா இருந்த?"

"தெனமும்" என்றேன், புத்தகத்தை இறக்காமல்.